கூடத்தாயி: தீர்ப்புக்கு முன் வந்த திரைப்படம்

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள சிறிய ஊர் கூடத்தாயி. ரப்பரும் தென்னையும் சூழ்ந்த அந்த மலையடிவார ஊரில் 2002 முதல் 2016 வரையிலான 14 ஆண்டுகளில், ஒரே குடும்பத்தையும் அதன் நெருங்கிய உறவினர்களையும் சேர்ந்த ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். முதலில் இறந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவர் 2008-இலும், மூத்த மகன் 2011-இலும் இறந்தனர். ஆசிரியையின் சகோதரர் 2014-இல் இறந்தார். அதே ஆண்டு உறவினர் வீட்டில் இரண்டு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையும், 2016-இல் அந்தக் குழந்தையின் தாயும் இறந்தனர். 2019 அக்டோபரில் கல்லறைகள் தோண்டப்பட்டன. மறுநாளே அந்த வீட்டின் மருமகள் கைது செய்யப்பட்டார்.

இந்த வழக்கை வைத்து கிறிஸ்டோ டாமி இயக்கிய 'கறி அண்ட் சயனைடு: தி ஜாலி ஜோசப் கேஸ்' என்ற ஆவணப்படம் 2023 டிசம்பர் 22 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் படம். அது வெளியான நாளில் ஆறு மரணங்களில் எதற்கும் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருக்கவில்லை. முதலில் விசாரணைக்கு எடுக்கப்பட்ட ஒரு வழக்கில், அதாவது கணவரின் மரணம் தொடர்பான வழக்கில், சாட்சிகளின் விசாரணை அந்த ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. ஆனால், படத்தின் தலைப்பிலேயே சயனைடு இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரும் இருக்கிறது. (ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட 'கறி' என்ற சொல் இப்படி ஒரு துணையுடன் திரும்பி வந்திருப்பது தனி விநோதம்.)

படத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. குற்றச் செய்திகளுக்கு நம் தொலைக்காட்சிகள் வழக்கமாகப் பூசும் மிகை வண்ணம் இதில் குறைவு. கொழுந்தனும் நாத்தனாரும் ஆண்டுக்கணக்கில் சுமந்த ஐயத்தைப் பொறுமையாகப் பேசுகிறார்கள். தாயின் கைதால் ஒரே நாளில் வாழ்க்கை புரண்டுபோன மகன் பேசுகிறார். புலனாய்வுக்குத் தலைமை வகித்த அன்றைய கோழிக்கோடு ஊரகக் காவல் கண்காணிப்பாளர் கே.ஜி. சைமனும், எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்த பி.ஏ. ஆளூரும் பேசுகிறார்கள். சிறையில் இருப்பவர் மட்டும் பேசவில்லை. பேசும் நிலையில் அவர் இல்லை.

படம் நன்றாக இருப்பதனால்தான் இந்தச் சிக்கல் தீவிரமாகிறது. மோசமான படம் யாரையும் நம்பவைக்காது. இது நம்பவைக்கிறது. பார்த்து முடித்தவரிடம் 'இந்த வழக்கில் என்ன முடிவு?' என்று கேட்டால், முடிந்துவிட்டது என்றே சொல்வார்.

நீதிமன்றத்தில் உள்ள வழக்கைப் பற்றி எதையும் எழுதக் கூடாது, எடுக்கக் கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான் அந்த உரிமை உறுதியாக நிலைநாட்டப்பட்டது. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, சிறைத் துறை அதைத் தடுக்கப் பார்த்தது. உயர் அதிகாரிகள் சிலரின் பெயர்கள் அதில் இருந்தன என்பதே அச்சத்துக்குக் காரணம். 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம், வெளியாவதற்கு முன்பே ஓர் எழுத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதன் அதிகாரிகளுக்கோ இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு தனிமனிதரின் அந்தரங்க உரிமையையும் வரையறுத்தது: பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கைக்குள் நுழைய அவர் ஒப்புதல் வேண்டும்.

அந்த வழக்குக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நக்கீரன் எழுத முற்பட்டபோது சங்கரின் குற்றம் எல்லா நீதிமன்றங்களிலும் நிரூபணமாகிவிட்டது. அவருடைய கதையை அவரே எழுதினார். மறு ஆண்டு சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கூடத்தாயி வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே, கதை பிறரால் சொல்லப்பட்டிருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் மூன்றாவது பிரிவு, நிலுவையில் உள்ள வழக்கின் நடைமுறையில் குறுக்கிடும் வெளியீடுகளைப் பற்றிப் பேசுகிறது. குற்ற வழக்கில் 'நிலுவை' என்பது, பொதுவாகச் சொன்னால், குற்றப்பத்திரிகை தாக்கலாவதிலிருந்தோ நீதிமன்றம் அழைப்பாணை அனுப்புவதிலிருந்தோதான் தொடங்குகிறது. கைது நாளிலிருந்து அதுவரையிலான இடைவெளியில்தான் தொலைக்காட்சிகள் தங்கள் தீர்ப்புகளை எழுதிவிடுகின்றன. கைதான நாளையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006-இல் தன் 200-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் திருத்தப்படவில்லை. சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தை ஊடகங்கள் கையாண்ட விதத்தைக் கண்டித்து 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும், நிலுவையில் உள்ள வழக்குகளில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது ஊடகங்களின் வேலையன்று என்று தெளிவுபடுத்தியது.

தடைக்கும் முழு சுதந்திரத்துக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2012-இல் சஹாரா - செபி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நியாயமான விசாரணைக்கு உண்மையான ஆபத்து இருக்குமானால் வெளியீட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தள்ளிவைக்க நீதிமன்றங்கள் உத்தரவிடலாம் என்றது. தேவை இருக்க வேண்டும், தள்ளிவைப்பு அந்தத் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்பவை நிபந்தனைகள். கூடத்தாயி வழக்கே இந்த வழியில் ஒருமுறை நடந்திருக்கிறது. கைது நடந்து சில மாதங்களிலேயே அந்தப் பெயரில் ஒரு மலையாளத் தொலைக்காட்சித் தொடர் தயாராகிவிட, 2020 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே இந்தக் கேள்வியை இன்னொரு படத்தில் நேரடியாகச் சந்தித்தது. ஷீனா போரா கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டுப் பிணையில் உள்ள இந்திராணி முகர்ஜியைப் பற்றிய ஆவணத் தொடர் 2024 பிப்ரவரி 23 அன்று வெளியாக இருந்தது. சாட்சிகளும் அதில் பேசியிருப்பதால் விசாரணை பாதிக்கப்படும் என்று சிபிஐ மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. வெளியீடு ஒரு வாரம் நின்றது. நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் தொடர் திரையிட்டுக் காட்டப்பட்டது. அரசுத் தரப்புக்குப் பாதகமாக எதுவும் அதில் இல்லை என்று கண்ட நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்ய, பிப்ரவரி 29 அன்று தொடர் வெளியானது. முடிவு சரியா தவறா என்பது இருக்கட்டும். ஒரு வாரக் காத்திருப்பினால் யாருடைய கருத்துச் சுதந்திரமும் அழிந்துவிடவில்லை. அங்கே பதற்றப்பட்டு நீதிமன்றத்துக்கு ஓடியது குற்றம்சாட்டப்பட்டவர் அல்லர், புலனாய்வு அமைப்பு என்பதையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய படங்களால் பாதிக்கப்படுவது குற்றம்சாட்டப்பட்டவர் மட்டும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 'கொலைகாரிக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?' என்று வாசகர் கேட்பதும் அதனால்தான். இந்தியாவில் ஜூரி முறை இல்லை. நீதிபதி படம் பார்த்துத் தீர்ப்பு எழுத மாட்டார் என்ற பதிலும் தயாராக இருக்கிறது. நீதிபதியைப் பற்றி எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என் கவலை சாட்சிகளைப் பற்றியது.

கூடத்தாயியின் ஆறு மரணங்களும் தனித்தனி வழக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குற்றப்பத்திரிகை. அந்த வீட்டின் உணவு மேசையில் என்ன நடந்தது, யார் எந்த வேளையில் அங்கே இருந்தார் என்பதைச் சொல்லக் கூடியவர்கள் அந்தக் குடும்பத்தினர் மட்டுமே. அவர்கள்தான் கேமராவின் முன்னும் பேசியிருக்கிறார்கள். ஒரு வழக்கில் கூண்டேறி முடித்தவர்கூட அடுத்த வழக்கில் மீண்டும் ஏற வேண்டியிருக்கலாம்.

சாட்சி ஒருவர் முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் இடையே உள்ள முரணை எடுத்துக்காட்டி அவர் நம்பகத்தன்மையைக் குலைப்பது குறுக்கு விசாரணையின் பழைய உத்தி. ஒலிப்பதிவையும் அதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1970-லேயே உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. குடியரசுத் தலைவராக வி.வி. கிரி தேர்ந்தெடுக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில் எழுந்த கேள்வி அது. அன்று ஒரு டேப். இன்று பின்னணி இசையுடன், படத்தொகுப்பு செய்யப்பட்டு, உலகமே பார்த்த நேர்காணல். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாலைப்பொழுதை நினைவுகூரும்போது, காவல் துறையிடம் ஒரு விதமாகவும் இயக்குநரிடம் இன்னொரு விதமாகவும் ஒரு சொல் மாறி விழுவது மனித இயல்பு. திறமையான எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு சொல் போதும். தன் தாயையும் தந்தையையும் அண்ணனையும் இழந்து, நீதி கேட்டு நடந்த பெண் கண்ணீருடன் பேசும் காட்சி, அவருடைய வழக்குக்கே எதிரான ஆவணமாக நீதிமன்றத்தில் ஓடக் கூடும். படம் எடுத்தவர்கள் அவரிடம் இதை எடுத்துச் சொன்னார்களா என்பதே என் கேள்வி.

இந்த வழக்கு அப்படிப்பட்ட சேதங்களைத் தாங்கக் கூடிய அளவுக்கு வலுவானதும் அன்று. சந்தர்ப்ப சாட்சியங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான். அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அப்படித்தான். 'அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று 2019 அக்டோபரில் நாள்தோறும் வந்த செய்திகளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு ஏதும் இல்லை. கூடுதலாக, கல்லறைகளில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் நான்கு பேருடையவற்றில் சயனைடு தடயம் கிடைக்கவில்லை என்று ஹைதராபாதில் உள்ள மத்திய தடய அறிவியல் ஆய்வகம் அறிக்கை தந்தது. படம் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பு, 2023-இன் தொடக்கத்தில் வந்த செய்தி இது.

இதனால் அந்த நால்வரும் இயற்கையாக இறந்தார்கள் என்று ஆகிவிடாது. சயனைடு எளிதில் ஆவியாகிச் சிதையக் கூடியது. ஐந்து ஆண்டுகளும் பதினேழு ஆண்டுகளும் மண்ணில் கிடந்த எச்சங்களில் அது அகப்படாமல் போவதில் வியப்பில்லை. முதல் மரணத்தில் பயன்படுத்தப்பட்டது நாய்களைக் கொல்லும் விஷம், சயனைடு அன்று என்பதே காவல் துறையின் தரப்பு. ஆனால், 'அகப்படாமல் போகலாம்' என்பது வேறு, 'இருந்தது' என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவது வேறு. அந்த இடைவெளியைச் சாட்சிகளின் வாய்மொழியால்தான் அரசுத் தரப்பு நிரப்ப வேண்டும்.

காவல் துறையும் இதில் தன் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். தோண்டி எடுத்த நாளிலிருந்து கேமராக்கள் அந்த வீட்டு வாசலில்தான் நின்றன. குற்றம்சாட்டப்பட்டவர் என்ஐடியில் விரிவுரையாளர் என்று ஊரை ஆண்டுக்கணக்கில் நம்பவைத்தார் என்பதிலிருந்து போலி உயில் வரை ஒவ்வொரு கண்டுபிடிப்பும் உடனுக்குடன் செய்தியானது. காவல் துறையினர் ஊடகங்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு மூன்று மாதங்களுக்குள் நெறிமுறை வகுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டதற்கு இத்தகைய அனுபவங்கள்தான் பின்னணி. வழக்கின் போக்கைச் செலுத்திய அதிகாரி, பணி ஓய்வுக்குப் பிறகேயானாலும், தீர்ப்புக்கு முன் திரையில் தோன்றிப் புலனாய்வின் கதையைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

படம் பெரிதும் சுற்றிச்சுற்றி வருவது 'இவர் எப்படிப்பட்ட பெண்?' என்ற கேள்வியை. தேவாலயத்துக்குத் தவறாமல் போனவர், அக்கம்பக்கத்தாரிடம் இன்முகம் காட்டியவர், இப்படியுமா என்ற வியப்பு. குற்றம்சாட்டப்பட்டவர் ஆணாக இருந்திருந்தால் இந்த வியப்பில் பாதிகூட இருந்திருக்காது. சமையலறையும் பெண்ணும் விஷமும் சேர்ந்தால் கதைக்குத் தனிக் கவர்ச்சி வந்துவிடுகிறது. அந்தக் கவர்ச்சியில், பதில் சொல்ல வேண்டிய மற்றவர்கள் பின்னால் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆறு மரணங்களில் ஒன்றுக்கு மட்டுமே அந்தந்த நேரத்தில் பிரேதப் பரிசோதனை நடந்தது. அது 2011-இல் கணவர் இறந்தபோது. உள்தாழிட்ட குளியலறையில் அவர் விழுந்து கிடந்தார். உடலில் சயனைடு இருந்ததைப் பரிசோதனை காட்டியது. காவல் துறை தற்கொலை என்று கோப்பை மூடியது. சாப்பிடும் முன்பே அவர் குளியலறைக்குப் போனார் என்று மனைவி சொல்லியிருக்க, வயிற்றில் செரிக்காத சோறும் கடலைக்கறியும் இருந்ததாக அதே அறிக்கை கூறியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் வசித்த தம்பி தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியாக ஆவணங்களைப் பெற்றுப் படித்தபோதுதான் இந்த முரண் கண்ணில் பட்டது. அதைக் கண்டுபிடிக்கப் புதிய தடயமோ நவீன ஆய்வகமோ தேவைப்படவில்லை. காவல் நிலையத்தில் இருந்த தாளைப் படித்தால் போதுமானதாக இருந்தது.

மற்ற ஐவருக்கும் அந்த ஒரு தாள்கூட இல்லை. வயதானவர் சுருண்டு விழுந்தால் மாரடைப்பு. குழந்தை இறந்தால் உணவு தொண்டையில் சிக்கியது. மருத்துவமனையில் ஒருவர் கேட்பார், வீட்டில் ஒருவர் பதில் சொல்வார், மாலைக்குள் அடக்கம். கூடத்தாயியின் தனிக் குறையன்று இது. இந்தியாவில் 2020-இல் பதிவான மரணங்களில் காரணம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டவை 22.5 சதவீதம் மட்டுமே. மீதமுள்ளவற்றில் காரணம் என்பது பெரும்பாலும் வீட்டார் சொன்னதுதான். இறந்தவரின் உடலை அறுக்கக் கூடாது என்ற உணர்வை நான் மதிக்கிறேன். எந்த வீட்டிலும் அது எழும். ஆனால், ஒரே குடும்பத்தில் மூன்றாவது, நான்காவது திடீர் மரணம் நிகழும்போது அதைக் கோத்துப் பார்க்கும் கண் யாருடையது என்பதற்கு நம் நிர்வாகத்தில் விடை இல்லை. மரணப் பதிவேடு உள்ளாட்சி அலுவலகத்தில், சிகிச்சைக் குறிப்பு மருத்துவமனையில், புகார் இருந்தால் காவல் நிலையத்தில். மூன்றும் சந்திப்பதே இல்லை.

சயனைடு வந்த வழியும் அப்படித்தான். நகைக்கடை ஊழியர் ஒருவர் வழியாகப் பொற்கொல்லர் ஒருவரின் பட்டறையிலிருந்து அது வந்தது என்பது குற்றப்பத்திரிகை கூறும் கதை, அவர்களும் குற்றம்சாட்டப்பட்டவர்களே. பொன் வேலையில் சயனைடுக்குப் பயன்பாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2011-இல் ஓர் இளைஞரின் உடலில் அந்த நஞ்சு இருப்பது ஆவணமாகிவிட்டது. மளிகைக் கடையில் கிடைக்காத ஒரு பொருள் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை தேடாமலே கோப்பில் கையெழுத்து விழுந்தது.

அரசுத் தரப்பு சொல்வது உண்மையானால், அந்தக் கையெழுத்துக்குப் பிறகு மூவர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்: 2014-இல் ஒரு முதியவரும் ஒரு குழந்தையும், 2016-இல் அந்தக் குழந்தையின் தாயும்.